எத்தனை சைக்கிள்கள் வைத்துக்கொள்வது? நான்காவதை வாங்கும் முன் ஒரு கேள்வி

கேள்வி: தொலைவழி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இப்போது மூன்று சைக்கிள்கள் உள்ளன. அலுவலகத்துக்குப் போய்வர மட்கார்டும் கேரியரும் பொருத்திய பழைய எஃகு சைக்கிள் ஒன்று. விடுமுறை நாட்களில் நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டுவதற்கு 28 மில்லிமீட்டர் டயர் போட்ட ரோடு பைக் ஒன்று. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு பெரும் ஆசையோடு வாங்கிய மவுண்டன் பைக் ஒன்று. மண்சாலைகளிலும் சரளைப் பாதைகளிலும் நெடுந்தூரம் போக வேண்டும் என்ற விருப்பம் வலுத்துவிட்டதால், கிராவல் பைக் ஒன்றும் வாங்கலாமா என்று சில மாதங்களாக யோசித்துவருகிறேன்.

நமக்குத் தேவையான சைக்கிள்களின் எண்ணிக்கை எப்போதும் கையில் இருப்பதைவிட ஒன்று கூடுதல் என்று சைக்கிள் ஓட்டுவோரிடையே ஒரு கணக்கு வழங்கிவருகிறது. மூன்றாவதை வாங்கும்போது நானும் அதை நம்பித்தான் வாங்கினேன். ஆனால் சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மவுண்டன் பைக்கை வெளியே எடுத்தபோது, பின் பிரேக் லீவர் ஹேண்டில்பாரைத் தொடும் வரை அழுத்தியும் சக்கரம் நிற்கவில்லை. டயரின் பக்கவாட்டில் மயிரிழை போன்ற வெடிப்புகள் வரிசையாக ஓடியிருந்தன. ஓராண்டில் அதை இரண்டே முறைதான் ஓட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எண்ணிக்கையை எந்த அளவுகோலைக் கொண்டு முடிவு செய்வது என்பதை, பல ஆண்டுகள் ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: மேட்டுச்சாலை

ஒரு காலத்தில் என்னிடம் ஆறு சைக்கிள்கள் இருந்தன, இப்போது இரண்டு. அந்த நான்கையும் விட்டதற்கு இடப்பற்றாக்குறையோ பணமோ காரணமில்லை என்பதால், காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

சைக்கிளின் பாகங்களில் ஓட்டத்தால் தேய்பவை ஒரு வகை, காலத்தால் கெடுபவை இன்னொரு வகை. செயின், கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு), பிரேக் பேட், டயரின் மேற்பரப்பு ஆகியவை ஓடிய தூரத்துக்கு ஏற்பத் தேய்கின்றன. ஆண்டுக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவர் அதை ஒரு சைக்கிளில் ஓட்டினாலும் நான்கில் பிரித்து ஓட்டினாலும், இந்தத் தேய்மானத்தின் மொத்தம் பெரிதாக மாறுவதில்லை. இரண்டாவது வகைதான் நம்மை ஏமாற்றுகிறது. டயர் ரப்பர் நின்ற இடத்திலேயே இறுகி வெடிக்கிறது. திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கில் டாட் (DOT) வகைத் திரவம் இருந்தால், அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. மினரல் ஆயில் அப்படி உறிஞ்சுவதில்லை என்றாலும், அங்கேயும் சீல்கள் பழுதடையும். ட்யூபிலிருந்து காற்று தானாக இறங்கிவிடுகிறது. இவையெல்லாம் சைக்கிள் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நடப்பவை. ஆகவே ஒவ்வொரு சைக்கிளைச் சேர்க்கும்போதும் இந்தச் செலவும் உழைப்பும் முழுதாக ஒரு பங்கு கூடுகின்றன.

இதை நான் புரிந்துகொண்டது ஒரு ட்யூப்லெஸ் டயரைக் கழற்றிய நாளில்தான். அந்தச் சைக்கிளை ஏழெட்டு மாதங்கள் தொடவே இல்லை. ஓட்டை விழுந்தால் தானாக அடைப்பதற்காக உள்ளே ஊற்றியிருந்த பால் போன்ற சீலண்ட், டயரின் அடிப்பகுதியில் மஞ்சள் பூத்த ரப்பர்த் தோலாக உறைந்து கிடந்தது; வால்வின் துளை முழுவதுமாக அடைத்திருந்தது. சீலண்ட் பொதுவாக இரண்டு முதல் ஆறு மாதங்களில் காய்ந்துவிடும், வெப்பம் மிகுந்தால் இன்னும் விரைவில் காயும் என்பது எனக்குத் தெரியாததன்று. ஆறு சைக்கிள்களுக்கும் அதை நினைவில் வைத்துச் செய்ய என்னிடம் நேரம் இருக்கவில்லை என்பதுதான் உண்மை.

எனவே என் அளவுகோல் இதுதான்: சென்ற பன்னிரண்டு மாதங்களில் நீங்கள் ஓட்டிய பயணங்களை ஒரு தாளில் எழுதி, அவற்றை வகை பிரியுங்கள். ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டவற்றை அதில் சேர்க்காதீர்கள். மாதம் ஒரு முறையாவது வெளியே வராத வகைக்குத் தனிச் சைக்கிள் வேண்டியதில்லை. அத்தகைய பயணம் வரும்போது ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், அல்லது நண்பரிடம் கேட்டுப் பெறலாம். எழுதியபோது எனக்கு இரண்டு வகைகள்தான் தேறின.

பதில் 2: ஆரக்கால்

மேலே உள்ளவர் சொன்னதை ஏற்கிறேன். அதோடு, ஒரே ஃப்ரேமுக்கு இரண்டு ஜோடிச் சக்கரங்கள் வைத்துக்கொள்ளும் வழியையும் பரிசீலிக்க வேண்டுகிறேன். டிஸ்க் பிரேக் பரவிய பிறகுதான் இது உண்மையில் எளிதாயிற்று. சக்கர வளையத்தையே பிடித்து நிறுத்தும் ரிம் பிரேக்கில் பேட்கள் ஒரு குறிப்பிட்ட விட்டத்துக்கு எதிரே நிற்பதால் வேறு அளவுச் சக்கரத்தை மாட்ட இயலாது. டிஸ்க்கில் பேட்கள் பிடிக்கும் தட்டான ரோட்டர் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்போடு சேர்ந்தே வருவதால் அந்தத் தடை இல்லை.

700சி என்று நாம் சொல்லும் சக்கரத்தில் டயர் அமரும் விட்டம் 622 மில்லிமீட்டர். 650பி சக்கரத்தில் 584 மில்லிமீட்டர். முதலாவதில் 28 மில்லிமீட்டர் டயர் போட்டால், இரு பக்கமும் சேர்த்து மொத்த விட்டம் ஏறத்தாழ 678. இரண்டாவதில் 47 மில்லிமீட்டர் டயர் போட்டாலும் அதே 678 வருகிறது. அதாவது பெடல் தரையிலிருந்து நிற்கும் உயரமும் ஹேண்டிலின் குணமும் அதிகம் மாறாமல், காலையில் தார்ச்சாலைக்கும் மாலையில் சரளைப் பாதைக்கும் ஒரே வண்டியைக் கொண்டுபோகலாம். இந்தக் கணக்கு முதன்முதலில் பிடிபட்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை.

கவனிக்க வேண்டியவை இரண்டு. அகலமான டயருக்கு ஃப்ரேமிலும் ஃபோர்க்கிலும் இடம் இருக்கிறதா என்பதை அளந்து பார்க்காமல் சக்கரம் வாங்கக் கூடாது. பெரும்பாலான ரோடு பைக்குகளில் 47 நுழையாது. மேலும், இரண்டு கேசட்டுகளை ஒரே செயினில் மாற்றி மாற்றி ஓட்டினால், தேய்ந்து நீண்டுவிட்ட செயின் குறைவாக ஓடிய கேசட்டில் பல் தாவும். ஆகவே நீட்சியை அளக்கும் கருவியான செயின் செக்கரால் அடிக்கடி அளந்து, 11 அல்லது 12 கியர் செயின் என்றால் 0.5 சதவீத நீட்சியிலேயே மாற்றிவிட வேண்டும். இரு ரோட்டர்களும் ஒரே இடத்தில் நிற்காமல் உரசினால், ஷிம் எனும் மெல்லிய வளையத் தகடு வைத்துச் சரிசெய்துவிடலாம்.

பதில் 3: நெடும்பயணி

ஒன்றாகக் குறைப்பதை நான் ஆதரிக்கவில்லை. அன்றாட வேலைக்குச் சைக்கிளை நம்பியிருப்பவருக்கு இரண்டாவது சைக்கிள் கட்டாயத் தேவை. பின்சக்கரத்தில் ஒரு ஸ்போக் முறிந்தாலே அன்றைய ஏற்பாடு முழுவதும் குலைந்துவிடும். அந்த நாளில் மாற்றுச் சக்கரமோ மாற்று வண்டியோ கையில் இல்லாமல் தவித்தவர்களுக்கு இது புரியும். அதுபோலவே, வேறொன்றால் ஈடுசெய்ய முடியாத சைக்கிள்களும் உண்டு. வெலோட்ரோம் எனும் பந்தய மைதானத்தில் ஓட்டும் ட்ராக் சைக்கிளுக்குப் பிரேக்கும் கிடையாது, மிதிக்காமல் உருள விடும் ஃப்ரீவீலும் கிடையாது. அதைச் சாலையில் ஓட்ட இயலாது, சாலை வண்டியை அங்கே கொண்டுபோகவும் இயலாது.

ஆனால் மூன்று, நான்கு என்று போகும்போது, பலரும் பேசாத ஒரு சிக்கல் வருகிறது. உடல் ஒரு சைக்கிளின் அளவுகளுக்குப் பழகிக்கொள்கிறது. நான் ப்ரெவே எனப்படும், குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரப் பயணங்களுக்குத் தயாராகிறவன். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள்ளும், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள்ளும் முடிக்க வேண்டும். ஒரு பருவம் முழுவதும் மூன்று சைக்கிள்களை மாற்றி மாற்றி ஓட்டினேன். ஒன்றில் கிராங்க் (பெடல் பொருந்தும் கை) 170 மில்லிமீட்டர், மற்றொன்றில் 172.5, சீட் உயரத்தையும் கண்மதிப்பாகவே வைத்திருந்தேன். 300 கிலோமீட்டர் பயணத்தின் பின்பாதியில் இடது முழங்காலின் முன்புறம் வலிக்கத் தொடங்கி, மேடுகளில் ஒற்றைக் காலால் மிதிக்கும் நிலைக்கு வந்துவிட்டேன். அதன் பிறகு, பெடல் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரையிலான உயரத்தை அளந்து, என் எல்லாச் சைக்கிள்களிலும் ஒன்றாக்கி, ஃப்ரேமில் சிறு ஒட்டுத்தாளில் குறித்தும் வைத்திருக்கிறேன். இந்த அளவு கவனத்தை எத்தனை சைக்கிள்களுக்குத் தர முடியுமோ, அத்தனை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்: தொலைவழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தாளில் எழுதிப் பார்த்தேன். அலுவலகப் பயணமும் நெடுந்தூரத் தார்ச்சாலைப் பயணமும் வாரந்தோறும் வருகின்றன. மலைப்பாதை இரண்டே முறை. சரளைப் பாதையோ இதுவரை ஒரு முறைகூட இல்லை, ஏனென்றால் அதற்கேற்ற சைக்கிள் இல்லை என்று நானே ஒதுங்கியிருந்திருக்கிறேன்.

ரோடு பைக்கின் பின்புறத்தில் அளந்தேன்: 28 மில்லிமீட்டர் டயருக்கு இரு பக்கமும் ஏழு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. 32 போட்டால் ஐந்து மிஞ்சும். 47க்கு வழியே இல்லை. ஆகவே 32 மில்லிமீட்டர் டயர் மாட்டி, இரண்டு மாதங்கள் சரளைப் பாதைகளில் ஓட்டிப் பார்க்கப்போகிறேன். அந்தப் பயணங்கள் மாதந்தோறும் தாளில் ஏறினால், ரோடு பைக்கையும் மவுண்டன் பைக்கையும் விட்டுவிட்டு, இரண்டு ஜோடிச் சக்கரங்களோடு ஒரு கிராவல் பைக் வாங்குவேன். எஃகு சைக்கிள் எப்படியும் இருக்கும். எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகிவிடும். மவுண்டன் பைக்கை என் அக்காள் மகன் கேட்கிறான். அப்படியே கொடுத்துவிடலாமா?

பதில் 1: மேட்டுச்சாலை

நல்ல முடிவு. மவுண்டன் பைக்கை மட்டும் இப்போதிருக்கும் நிலையில் கொடுக்க வேண்டாம். லீவர் ஹேண்டில் வரை போகிறது என்றால், பேட் தேய்ந்திருக்கிறதா, திரவம் கசிகிறதா என்று முதலில் பார்த்து, பின்பு இரு பிரேக்குகளிலும் காற்றை வெளியேற்றிப் புதுத் திரவம் நிரப்பச் சொல்லுங்கள். வெடித்த டயர்களையும் மாற்றி, உங்கள் அக்காள் மகனின் கால் உயரத்துக்குச் சீட்டைப் பொருத்தி, நீங்களே ஒரு முறை இறக்கத்தில் ஓட்டி நிறுத்திப் பார்த்த பிறகு கொடுங்கள்.