ஜப்பானிய நேரலைகளில் ஏன் ‘புல்’ என்று எழுதுகிறார்கள்?

வெண்டைக்காய்:
ஜப்பானியர் ஒருவர் கேம் ஆடும் நேரலையை ராத்திரியில் பார்ப்பது என் வழக்கம். மொழி தெரியாது, கமெண்ட்டுகளை மொழிபெயர்ப்பில் போட்டுத்தான் படிப்பேன். நேற்று மனுஷன் பாலத்திலிருந்து தவறி எரிமலைக் குழம்பில் விழுந்தார். உடனே ‘புல்’, ‘புல்’, ‘பெரும் புல்வெளி’ என்று கமெண்ட் கொட்டுகிறது. அந்த இடத்தில் பச்சையே இல்லை. ஏதாவது கெட்ட வார்த்தையா?

தோக்கியோ_சாமந்தி:
கெட்ட வார்த்தை இல்லை, சிரிக்கிறார்கள். சொல் ‘குசா’. பொருள் புல்தான், மொழிபெயர்ப்பைக் குறை சொல்ல முடியாது.

சிரிப்புக்கு ஜப்பானியத்தில் ‘வராய்’. நம்மூர்ப் பத்திரிகைப் பேட்டியில் அடைப்புக்குறிக்குள் ‘சிரிக்கிறார்’ என்று போடுவார்களே, அங்கேயும் அதே வழக்கம் உண்டு. ஆனால் அவர்களுக்கு ஒரே ஒரு கான்ஜி எழுத்து (சீனத்திலிருந்து வந்த, ஒரு சொல்லையே குறிக்கும் எழுத்து) போதும். இணையம் வந்ததும் அதை அப்படியே அரட்டைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1999இல் தொடங்கிய ‘2சானல்’ என்ற இணைய விவாதப் பலகையில் குறும்புக்காரர்கள் அந்த எழுத்துக்குப் பதில் ‘வரா’ என்று ஒலிக்கும் வேறொரு எழுத்தைப் போட்டார்கள். அதற்குப் பொருள் வைக்கோல்! ஆக, புல்லுக்கு முன்னாலேயே வைக்கோல் வந்துவிட்டது.

அடைப்புக்குறி போட்டு, கான்ஜியாக மாற்றி, மறுபடி அடைப்புக்குறி போட யாருக்குப் பொறுமை? அங்கே கணினியில் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளால் ஒலியை அடித்துத்தான் ஜப்பானியமாக மாற்றுவார்கள். அப்படி ‘வராய்’ அடிக்கும்போது முதலில் வருவது டபிள்யூ. அந்த ஓர் எழுத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஜப்பானிய எழுத்தை ஏற்காத வெளிநாட்டு ஆன்லைன் கேம்களில்தான் இந்தச் சுருக்கம் பிறந்தது என்பார்கள். ஆட்டத்தின் நடுவில் முழுச் சொல்லை அடித்தால் உயிர் போய்விடும், அதனால் எனக்கு இது நம்பும்படியாகத்தான் இருக்கிறது.

சிரிப்பு அதிகமானால் டபிள்யூவும் அதிகமாகும். சிறிய டபிள்யூவை ஏழெட்டு தடவை இடைவெளி விடாமல் அடித்துப் பாருங்கள், தரையிலிருந்து புல் முளைத்த மாதிரியே இருக்கும். 2006இல் வந்த நிக்கோநிக்கோ வீடியோ தளத்தில் கமெண்ட்டுகள் படத்தின் மேலேயே வலமிருந்து இடமாக ஓடும். நல்ல காமெடி வந்தால் ஆளே தெரியாமல் புல் மூடிவிடும். அப்புறம் ‘புல் முளைக்கிறது’, ‘புல் தவிர்க்க முடியாதது’ என்றெல்லாம் எழுத ஆரம்பித்து, கடைசியில் ‘குசா’ மட்டும் மிஞ்சியது. நீங்கள் பார்த்த ‘பெரும் புல்வெளி’, அதாவது ‘தாய்சோகென்’, விழுந்து விழுந்து சிரிப்பது.

எங்கள் அலுவலகக் குழுச் செய்திகளை வைத்தே வயதைச் சொல்லிவிடலாம். மேலாளர் இன்றும் அடைப்புக்குறிதான். நாற்பதை ஒட்டியவர்கள் வரிக் கடைசியில் ஒற்றை டபிள்யூ. புதிதாகச் சேர்ந்த பையன்கள் வாயாலேயே ‘சொரெ வா குசா’ (‘அது புல்’) என்று, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வார்கள்.

மழைக்கோட்டு:
‘புல் தின்னும் ஆண்கள்’ என்று ஒன்று படித்தேனே, அதுவும் இதுதானா?

தோக்கியோ_சாமந்தி:
இல்லை, அது ‘சோஷொகு’, தாவர உணவு. காதல் விஷயத்தில் முந்திக்கொண்டு போகாத ஆண்களைப் பற்றி 2006இல் மகி ஃபுகாசவா என்ற கட்டுரையாளர் எழுதியது. சிரிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்படியே இன்னொன்று: ‘குசாய்’ என்றால் நாற்றம். கடைசியில் ‘ய்’ ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெண்டைக்காய்:
சரி, நானும் ஒரு குசா போடலாமா?

தோக்கியோ_சாமந்தி:
தாராளமாக. எரிமலைக் குழம்பில் விழுந்தால் போடுங்கள். ஆனால் ஒரே இடத்தில் மணிக்கணக்காகத் தோற்று ஆள் பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருந்தால் வேண்டாம், கிண்டலாகத்தான் படும். டபிள்யூவை வரிசையாகக் கொட்டுபவனை ‘புல் வளர்க்காதே’ என்று அந்தக் காலத்திலேயே திட்டுவார்கள். கேலிச் சிரிப்பு என்ற வாடை அதற்கு இன்னும் முழுசாகப் போகவில்லை.