உரிமம் எடுத்தவரெல்லாம் ஆவணப்படத் தயாரிப்பாளரா?

செந்தூல்வாசி:
கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடந்த தொழில் வழிகாட்டிக் கூட்டத்தில் ஒருவர், மலேசியாவின் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸ் தரும் படத் தயாரிப்பு உரிமம் கைக்கு வந்த நாளிலிருந்தே நீங்கள் ஆவணப்படத் தயாரிப்பாளர்தான் என்று மாணவர்களிடம் அடித்துச் சொல்லியிருக்கிறார். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆய்வு உதவியாளராகச் சேர்ந்து, படப்பிடிப்பு இடத்து வேலைகளைக் கவனிக்கும் களத் தயாரிப்பாளராகி, வரவு செலவும் ஒப்பந்தமும் பழகிய பிறகே ஒருவர் முழுப் படத்துக்கும் பொறுப்பேற்கிறார். உரிமம் யாருக்கும் தொழிலைக் கற்றுத் தருவதில்லை.

பினாங்கு மைந்தன்:
ஐயா, 1981ஆம் ஆண்டு ஃபினாஸ் சட்டத்தைப் படித்துவிட்டு எழுதுங்கள். உரிமமின்றிப் படம் தயாரித்தால் 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சட்டமே உரிமத்தை முதலில் கேட்கும்போது உங்களுக்கு அது ஏன் கசக்கிறது? பிறருக்குப் பை தூக்கிய பிறகுதான் தயாரிப்பாளர் என்று கோலாலம்பூர்க்காரர்கள் போட்ட வரிசையில் நாங்கள் ஏன் நிற்க வேண்டும்?

செந்தூல்வாசி:
சட்டம் கேட்பது வேறு, படம் கேட்பது வேறு. 1942, 1943 ஆண்டுகளில் ஜப்பானியர் 415 கிலோமீட்டருக்குப் போட்ட சயாம்-பர்மா இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம்மவர்களைப் பற்றி ஒரு படம் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய படச்சுருளுக்கு நம் நாட்டுச் சட்டப்படி 50 ஆண்டுப் பதிப்புரிமை முடிந்திருந்தாலும், அதை வைத்திருக்கும் வெளிநாட்டுக் காப்பகம் பிரதிக்குக் கட்டணம் கேட்கும். எந்த நாட்டில், எத்தனை ஆண்டுக்கு, தொலைக்காட்சியிலா இணையத்திலா என்று ஒவ்வொன்றையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லும். இங்குள்ள ஒளிபரப்புக்கு மட்டும் வாங்கிய காட்சியைப் பிறகு வெளிநாட்டு விழாவுக்கு அனுப்பினால் வழக்கு வரும். பேட்டி தரும் பாட்டிக்கு எழுத்து தெரியாது; ஒப்புதல் கடிதத்தை வரி வரியாகப் படித்துக் காட்டி, பேரனைச் சாட்சியாக உட்கார வைத்து, மை தடவிய பெருவிரலை அவர் தாளில் பதிக்கும் வரை காத்திருக்க வேண்டும். இதை உரிமத் தாள் உங்களுக்குச் சொல்லித் தருமா?

ஒலிப்பதிவுக்காரன்:
ஒப்பந்தம், கணக்கு என்று பெரிதாகப் பேசுகிறீர்கள். தீபாவளி ஒளிபரப்புக்கான ஆவணப்படம் ஒன்றில், குளிர்பதனப் பெட்டியின் இரைச்சல்கூட விழாதபடி பதிவு செய்து கொடுத்தேன். உங்களைப் போலவே படிப்படியாக ஏறி வந்த தயாரிப்பாளர் ஒருவர், தைப்பூசம் முடிந்தும் என் சம்பளப் பாக்கியைத் தரவில்லை. அனுபவம் நேர்மையைக் கற்றுத் தந்துவிடுமா?

செந்தூல்வாசி:
உங்கள் பாக்கிக்கு நான் பொறுப்பல்ல. பேச்சு உரிமத்தைப் பற்றியது.

பினாங்கு மைந்தன்:
உரிமத்தைப் பற்றியே பேசுவோம். 2020 ஜூலையில், சமூக ஊடகத்தில் காணொளி போடுபவரும் உரிமம் பெற வேண்டும் என்று அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னாரே, நினைவிருக்கிறதா? உரிமம் வெறும் தாள் என்றால் நாடே ஏன் கொதித்தது?

செந்தூல்வாசி:
எதிர்ப்பைக் கண்டு சில நாளிலேயே அவர் பின்வாங்கியதை ஏன் விட்டுவிட்டீர்கள்? கைபேசி வைத்திருப்பவர் எல்லாரும் உரிமம் பெற்றிருந்தால், நாட்டில் அத்தனை பேரும் தயாரிப்பாளர்களா? நீங்கள் காட்டும் சான்றே என் பக்கம் நிற்கிறது. 1946இல் தொடங்கிய, அரசாங்கத்தின் மலாயாத் திரைப்படப் பிரிவில் ஆட்கள் வேலை செய்துகொண்டேதான் தொழிலைக் கற்றார்கள்.

பினாங்கு மைந்தன்:
அந்தப் பிரிவும் தலைநகரில்தானே இருந்தது! வாய்ப்பை எல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்களைப் படியேறி வாருங்கள் என்கிறீர்கள். பினாங்கு ஜார்ஜ் டவுனில் இருக்கும் பையன் ஆய்வு உதவியாளராகச் சேர நிறுவனம் எங்கே இருக்கிறது? அவனுக்குச் சொந்த நிறுவனமும் உரிமமும்தான் வழி.

செந்தூல்வாசி:
பேருந்து ஏறி வரட்டும். நாங்களும் தோட்டத்திலிருந்து வந்தவர்கள்தான்.

ஒலிப்பதிவுக்காரன்:
வந்தால் சம்பளம் தருவீர்களா என்பதையும் இங்கேயே எழுதிவிடுங்கள். நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.