ஆட்டோ என்றால் காரா, மூன்று சக்கர வண்டியா?

ஸ்டுட்கார்ட் அம்மா கேட்டது:
என் மகனுக்கு ஐந்து வயது. இங்கே ஜெர்மனியில் கிண்டர்கார்டன் போகிறான். அவனுக்குக் கார் என்றாலே ‘ஆட்டோ’தான். லீவுக்கு மதுரை போயிருந்தபோது தாத்தா “வா ராசா, ஆட்டோல போலாம்” என்று மூன்று சக்கர வண்டியைக் காட்டினார். “இது ஆட்டோ இல்ல” என்று பிள்ளை ஏறவே மறுத்துவிட்டான். யார் சொல்வது சரி? அவனுக்கு எப்படி விளக்குவது?

திருச்சி வாத்தியார்:
இரண்டு பேர் சொல்வதும் சரிதான், அம்மா. ஜெர்மன்காரர்கள் ‘ஆட்டோமொபில்’ என்பதை வெட்டினார்கள். நாம் வெட்டியது ‘ஆட்டோரிக்‌ஷா’வை. வெட்டிய சொற்கள் வேறு, மிஞ்சிய துண்டு ஒன்று. கிரேக்கத்தில் அந்தத் துண்டுக்குத் ‘தான், தானே’ என்றுதான் பொருள். வண்டியே அதில் இல்லை! பையனிடம் ‘ஆட்டோரிக்‌ஷா’ என்று முழுசாகச் சொல்லிப் பாருங்கள், ஏறிவிடுவான்.

ரிக்‌ஷாவும் வெட்டுப்பட்ட சொல்தான். ஜப்பானில் அது ‘ஜின்ரிகிஷா’. ஜின் மனிதன், ரிகி வலு, ஷா வண்டி. வெளியூர்க்காரர் வாயில் உதிர்ந்துபோனது ‘ஜின்’. வண்டியை இழுக்கிற மனிதனையே பெயரிலிருந்து தள்ளிவிட்டார்கள். எனக்கு அது இன்றும் உறுத்துகிறது. தமிழ்நாட்டில் கை ரிக்‌ஷாவை அரசு ஒழித்தது 1973-இல்தான். அதுவரை பெயரில் இல்லாத அந்த மனிதன் தெருவில் இழுத்துக்கொண்டுதான் இருந்தான்.

டென்மார்க் தம்பி:
அக்கா, இங்கே காருக்கு ‘பீல்’ என்போம். அதுவும் அதே ஆட்டோமொபில்தான், ஆனால் வால் பக்கம். 1902-இல் பொலிட்டிக்கன் பத்திரிகை வைத்த போட்டியில் வந்த சொல் என்று சொல்வார்கள். பிறகு சுவீடன், நோர்வே எல்லாம் பரவிவிட்டது. இலங்கையில் மூன்று சக்கர வண்டியை ஆட்டோ என்றும் சொல்வோம், திறீவீல் என்றும் சொல்வோம்.

திருச்சி வாத்தியார்:
அருமை தம்பி. அந்த வால் லத்தீனில் வெறும் விகுதி. ‘நகரக்கூடிய’ என்பதில் ‘கூடிய’ மட்டும் மிஞ்சினால் எப்படியோ, அப்படி. பஸ் இன்னும் ஒரு படி மேலே. லத்தீனில் ‘ஒம்னிபஸ்’ என்றால் ‘எல்லோருக்கும்’. பிரான்சில் நான்த் நகரத்துப் பொது வண்டிக்கு 1820-களில் இந்தப் பெயர் ஏற்பட்டது. பிற்பாடு ‘எல்லோர்’ போய்விட்டது. நாம் தினமும் ஸ்டாப்பில் நின்று எதிர்பார்ப்பது மிச்சமிருக்கும் ‘க்கும்’மைத்தான்.