அந்த 47 யாருடையது? பாஸ்வேர்டால் பட்ட பாடுகளைச் சொல்லுங்கள்

தாமிரபரணி87

தம்பிக்கு குரூப் 4 ஹால் டிக்கெட் எடுக்க வேண்டும். தேர்வுக்கு இன்னும் ஒன்பதே நாள். ஒருமுறைப் பதிவெல்லாம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் செய்தது. மெயில் ஐடியும் அந்த அண்ணனே உருவாக்கிக் கொடுத்தார். நம் ஊர்ப் பக்கம் எல்லாருக்கும் அப்படித்தானே. பாஸ்வேர்ட் இரண்டையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார். விண்ணப்பித்தபோது சீட்டு இருந்தது. வைகாசியில் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது போய்விட்டது. பதிவில் கொடுத்த சிம்மும் இப்போது இல்லை.

சரி, மெயிலையாவது திறப்போம் என்று 'மறந்துவிட்டது' அழுத்தினால், ஃபோனுக்குக் குறியீடு அனுப்பவா என்று கேட்கிறது. எந்த ஃபோன்? எல்லாம் புள்ளி புள்ளியாக, கடைசி இரண்டு எண் மட்டும் தெரிகிறது: 47.

எங்கள் வீட்டில் 47-இல் முடிகிற எண் யாருக்கும் கிடையாது. அம்மாவின் பழைய டைரி, சித்தப்பாவின் மூன்று சிம், எல்லாம் பார்த்தாயிற்று. ராத்திரி பதினொன்றரைக்குத் தம்பி மெதுவாகச் சொல்கிறான், "அக்கா, அந்தக் கடைக்கார அண்ணன் நம்பரா இருக்குமோ?"

கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். அண்ணன் திருப்பூரில் இருப்பதாகக் கேள்வி. தேடிக்கொண்டிருக்கிறோம். கண்ணை மூடினால் 47தான் தெரிகிறது.

மொட்டைமாடி

எங்கள் அத்தைக்கு டைப் பண்ணவே வராது. எதுவானாலும் வாய்ஸ் மெசேஜ்தான், அதுவும் பின்னால் மிக்ஸி ஓடும். அவர் எண்ணிலிருந்து எழுத்தில் வருகிறது: "ஹாய், அவசரம், 15000 இந்த நம்பருக்கு அனுப்பு, சாயங்காலம் தரேன்." ஹாய்! பிறந்ததிலிருந்து என்னை 'ராசா' என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை அவர். ஆபீஸ் மீட்டிங்கில் மேசைக்கு அடியில் ஃபோனை வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டேன். 'ஹாய்' என்ற சொல் உறைத்தது லிஃப்டில் இறங்கும்போதுதான்.

நடந்தது வழக்கமான கதை. "ஆறு இலக்க எண் ஒன்று தவறி உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்புங்கள்" என்று அத்தைக்கு அவருடைய சம்பந்தியம்மா எண்ணிலிருந்து வந்திருக்கிறது. சம்பந்தி கேட்டு மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அது அத்தையின் வாட்ஸ்அப்பைத் திறக்கிற குறியீடு. அந்தம்மாவின் வாட்ஸ்அப் முந்தின நாளே பறிபோயிருந்தது யாருக்கும் தெரியாது.

எஸ்எம்எஸ் குறியீட்டைப் போட்டு அத்தை கணக்கை மறுபடி நம் பக்கம் இழுத்தோம். ஆள் வெளியே போய்விட்டான். ஆனால் அதற்குள் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு அவனே ஒரு பின் எண் வைத்துவிட்டதால் ஏழு நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அழைத்துப் புகார் எண் வாங்கி வைத்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.

ஓய்வுகாசாளர்

கவுண்டரில் 31 வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளர் ஏடிஎம் கார்டு உறையின் மேலேயே பின் எண்ணை எழுதி, யாருக்கும் தெரியக்கூடாது என்று அதன் மேல் பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். ஒவ்வொரு முறையும் பிள்ளையாரைப் பாதி தூக்கிப் பார்ப்பார், எடுப்பார், மறுபடி அழுத்தி ஒட்டுவார்.

மேலே உள்ளவருக்கு: ஓடிபி கொடுத்துவிட்டு யாரைக் குறை சொல்வது? ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை தெளிவாக இருக்கிறது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் அவர் தலையில். தெரிவித்த பிறகும் போனால் வங்கி பொறுப்பு. வங்கி மேலும் தப்பில்லை, வாடிக்கையாளர் மேலும் தப்பில்லை, நடுவில் வேறெங்கோ ஓட்டை என்றால் மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட வேண்டும், அப்போது இழப்பு ஒன்றும் இல்லை. உங்கள் அத்தை எந்த வகை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மொட்டைமாடி

சார், அத்தை கணக்கிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. அனுப்பினது நான். என் கையால், என் பின் எண்ணைப் போட்டு. படித்துவிட்டு எழுதுங்கள்.

கீபோர்டுகிறுக்கன்

சென்டர் அண்ணன் எழுதித் தந்த பாஸ்வேர்ட் பெயர்@123 தானே? பந்தயம் கட்டுகிறேன். எல்லாருக்கும் அதே அச்சு.

இந்த விஷயத்தில் ஆதிகாலத்திலிருந்து தப்பாகவே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று, அப்புறம் 90 நாளுக்கொரு தரம் மாற்று என்ற வேதத்தை 2003-இல் எழுதியவர் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தில் இருந்த பில் பர். அவரே 2017-இல், நான் செய்ததில் பலவற்றுக்கு இப்போது வருந்துகிறேன் என்றார். அதே வருடம் அந்த நிறுவனமே, கசிந்ததற்கு அறிகுறி இல்லாமல் மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று விதியைத் திருத்தியது. நீளம்தான் முக்கியம். 2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்ட் அப்படியே வெளியே வந்தது. அதில் முதலிடம் 123456. உடைக்கிறவன் உட்கார்ந்து யோசிப்பதில்லை, இப்படிக் கசிந்த பட்டியலை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போட்டுப் பார்க்கிறான்.

'அகர முதல' என்று ஆங்கில எழுத்தில் அடித்துவிட்டு இதை எவன் கண்டுபிடிப்பான் என்று இருக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 1330 குறளும் வலையில் கிடக்கிறது ஐயா. சினிமாப் பாட்டின் முதல் வரியும் அப்படித்தான். ஒன்றுக்கொன்று ஒட்டாத சொற்களாக இருக்க வேண்டும், அதுவும் நாம் யோசித்து எடுக்கக் கூடாது. 1995-இல் அர்னால்ட் ரைன்ஹோல்ட் சொன்ன வழி இருக்கிறது: ஐந்து பகடை உருட்டி, விழுந்த எண்களுக்கு நேரே பட்டியலில் உள்ள சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். பட்டியலில் 7,776 சொற்கள். ஆறு சொல் எடுத்தால் போதும். (நம் தாயக்கட்டை ஆகாது, ஆறு முகம் வேண்டும்.) இதை பாஸ்வேர்ட் மேனேஜருக்கு (எல்லா பாஸ்வேர்டையும் பூட்டி வைக்கிற செயலி) மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதனிடம் விட்டுவிடுங்கள்.

என் அனுபவமா? ஆறு சொல்லும் ஞாபகம் இருந்தது. வரிசை மறந்துவிட்டது. 720 வகையில் மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு டிக் அடித்தேன், 300 சொச்சத்தில் திறந்தது.

பேரேடு

கிறுக்கன் சார், 2017-லேயே விதி மாறிவிட்டது என்பதை எங்கள் ஆபீசுக்கு யாராவது சொல்லுங்கள். எங்களுக்கு 45 நாள். பழையது எதுவும் திரும்ப வரக்கூடாது. நாங்களும் மனிதர்கள்தானே. சித்திரை@1, வைகாசி@1 என்று தமிழ் மாதமாகப் போய், மாதம் தீர்ந்தபின் நட்சத்திரத்துக்கு வந்தோம். என் பக்கத்து சீட் அக்கா ரேவதி வரை வந்திருந்தார்.

ஆடிட் வந்த அன்றைக்கு அந்த ஆள் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே வந்து அக்காவின் கீபோர்டைத் தூக்கித் திருப்பினார். அடியில் மஞ்சள் சீட்டு. அஸ்வினியிலிருந்து ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்து, கடைசியில் ரேவதி மட்டும் அடிக்காமல். கூடவே கீபோர்டிலிருந்து பிஸ்கட் தூள் பறந்தது. அக்கா அழவில்லை, சிரிக்கவும் இல்லை. "அடுத்து என்ன வைக்கிறதுன்னு நானே யோசிச்சிட்டு இருந்தேன் சார்" என்றார்.

கொள்ளுரசம்

நீளமான பாஸ்வேர்ட், பகடை, தாயம்... போதும். என்னிடம் 22 எழுத்து பாஸ்வேர்ட் இருந்தது. பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு குறியீடு கேட்கிற ஆத்தென்டிகேட்டர் செயலி இருந்தது. யூடியூப் சேனல் போய்விட்டது. யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

மசாலாப் பொடி விளம்பரத்துக்கு ஒப்பந்தம் என்று மெயில். பிடிஎஃப் மாதிரியே படம் போட்ட கோப்பு, 700 எம்பி. ஒப்பந்தம் ஏன் 700 எம்பி என்று கேட்கத் தோன்றவில்லை. ஸ்கேன் செய்யும் மென்பொருள் பெரிய கோப்பைச் சோதிக்காமல் விட்டுவிடட்டும் என்று வெறும் குப்பையைத் திணித்து ஊத வைக்கிறார்களாம். பெயரின் வாலில் எஸ்சிஆர் என்று இருந்திருக்கிறது, அதாவது அது பிடிஎஃப் இல்லை, திறந்தால் ஓடுகிற நிரல். விண்டோஸ் அந்த வாலைக் காட்டாமல் மறைத்துவிடும். திறந்தேன், ஒன்றும் வரவில்லை, மூடிவிட்டு அடுப்படிக்குப் போனேன். பிரவுசரில் நான் ஏற்கனவே உள்ளே நுழைந்திருந்ததற்கான அடையாளத் துணுக்கு இருக்கிறதல்லவா, குக்கீ, அதையே எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்குப் பாஸ்வேர்ட் எதற்கு? 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் சேனலே இப்படித்தான் போனது. கம்ப்யூட்டரைக் கரைத்துக் குடித்தவர்கள் அவர்கள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் ஃபோனை நீட்டினாள். "அம்மா, உங்க சேனல்ல யாரோ வெள்ளைக்காரர் பேசறார்." பெயர் மாறிவிட்டது, முகப்புப் படம் மாறிவிட்டது, கிரிப்டோ நேரலை ஓடுகிறது. கீழே ஒரே ஒரு கமெண்ட் தமிழில்: "அக்கா, இன்னைக்கு ரசம் இல்லையா?"

கீபோர்டுகிறுக்கன்

அது பாஸ்வேர்டின் தப்பில்லையே. நான் சொன்னது வேறு, நீங்கள் சொல்வது வேறு.

கொள்ளுரசம்

அதைத்தான் நானும் சொல்கிறேன்.

மழைக்காகிதம்

அப்பா போன பிறகு அவர் சிம்முக்கு ரீசார்ஜ் செய்யவில்லை. யாருக்கு எண்ணம் ஓடும். எண் செயலிழந்து 90 நாள் கழிந்தால் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பது விதி என்று பின்னால்தான் தெரிந்தது. கேஸ், பென்ஷன், அவர் மெயில், அம்மாவோடு சேர்ந்த வங்கிக் கணக்கு, எல்லாம் அந்த எண்ணில்.

ஒரு நாள் வாட்ஸ்அப்பில் பழைய பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். 'அப்பா' என்று இருந்த இடத்தில், வேட்டி கட்டி மலம்புழா அணை முன்னால் நிற்கிற படத்துக்குப் பதிலாக, பலூன் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண். கீழே 'ஆன்லைன்' என்று காட்டியது.

வங்கிக்குப் போய் எண்ணை மாற்ற மூன்று நடை ஆயிற்று. 'அப்பா' என்று சேமித்ததை இன்னும் அழிக்கவில்லை. அந்தக் குழந்தைக்குச் சமீபத்தில் மொட்டை போட்டிருக்கிறார்கள்.

தாமிரபரணி87

அண்ணன் கிடைத்துவிட்டார்! பனியன் கம்பெனியில் இருக்கிறார், எண் மாறவில்லை, 47தான். மழைக்காகிதம் எழுதியதைப் படித்த பிறகு, அந்த எண் அவரிடமே இருந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் தடவை மெஷின் சத்தத்தில் குறியீடு சரியாகக் கேட்கவில்லை, காலாவதியாகிவிட்டது. இரண்டாவது தடவை வெளியே வந்து ஒவ்வொரு எண்ணாக நிறுத்திப் படித்தார். திறந்தது. ஹால் டிக்கெட் எடுத்தாயிற்று. கிறுக்கன் சார், பந்தயத்தில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள்.

"எத்தனை பேருக்கு அண்ணா உங்க நம்பர் போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன். "அப்ப ஃபோன் இல்லாத பிள்ளைகதானம்மா எல்லாம் வந்துச்சு. ஒரு நானூறு இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட யாருக்காவது குறியீடு வரும், எழுந்து சொல்லுவேன்" என்றார். லாங் சைஸ் நோட்டு ஒன்று போட்டு ஊர்வாரியாக எழுதி வைத்திருக்கிறாராம். திருப்பூருக்கும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

தம்பி மீட்பு எண்ணைத் தன் எண்ணாக மாற்றினான், பாஸ்வேர்டும் புதிதாக வைத்தான். நன்றி சொல்லி ஃபோனை வைக்கப் போனேன். "இரும்மா, வெச்சிடாத" என்றார் அண்ணன். பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "தம்பி புதுசா என்ன வெச்சிருக்கான்னு சொல்லு, நோட்டுல மாத்திக்கறேன்."