விமானத்தில் அலகு மாறும் பிழைக்கு என்ன சொல்?

ஓமலூரிலிருந்து:

மீட்டரில் சொன்னதை அடி என்று கொள்வது போன்ற பிழைக்கு ‘அலகு மயக்கம்’ என்ற சொல் எனக்கு ஒப்பவில்லை. வேற்றுமை மயக்கம், கால மயக்கம் என்று இலக்கணத்தில் உண்டுதான். ஆனால் விமானப் பாடத்தில் ‘மயக்கம்’ என்று கண்டால், ஆக்சிஜன் குறைந்து விமானி சாய்ந்துவிட்டார் என்றுதான் படிப்பவர் நினைப்பார். ‘அலகுக் குழப்பம்’ என்பதிலும் குறை இருக்கிறது. குழம்பியவர் திரும்பக் கேட்பார். இங்கே சந்தேகமே வராமல்தான் தவறு நடக்கிறது.

1999 ஏப்ரல் 15, ஷாங்காய். கொரியன் ஏர் சரக்கு விமானம், எம்டி-11. ஏறச் சொன்ன உயரம் 1,500 மீட்டர், அதாவது ஏறத்தாழ 4,900 அடி. துணை விமானி 1,500 அடி என்று தலைமை விமானியிடம் சொன்னார். விமானம் அப்போது 4,500 அடியில், அதாவது சேரவேண்டிய இடத்தை நெருங்கியிருந்தது. 3,000 அடி கூடுதலாக ஏறிவிட்டோம் என்றெண்ணித் தலைமை விமானி விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்தினார், மீட்க முடியவில்லை. விமானத்தில் மூவரும் தரையில் ஐவரும் இறந்தனர். நம்மூர் அளவில் பார்த்தால், 1,500 மீட்டர் ஏற்காட்டுச் சேர்வராயன் கோயில் உச்சிக்குச் சற்றே கீழே; 1,500 அடியோ சேலம் விமான நிலையமான காமலாபுரத்தின் ஓடுபாதைக்கு மேல் ஏறத்தாழ 500 அடிதான்.

ஆகவே ‘அலகு வழு’. திணை வழு, பால் வழு வரிசையில் இயல்பாகப் பொருந்துகிறது: எண் சரி, ஒட்டிய அலகு வேறு. ஆடி மாதச் சேலத்தில் ‘அலகு’ என்றால் குத்திக்கொள்வது என்பார்கள். அதற்காகப் பாடநூலில் நிலைத்த சொல்லை விட்டுவிட முடியாது.

சேலத்திலிருந்து:

ஐயா, ‘வழு’ சரி. ஆனால் ஷாங்காயில் அலகு மாறியது. கனடாவில் 1983 ஜூலை 23 அன்று எண்ணோடு அலகே இல்லை. போயிங் 767-க்குத் தேவை 22,300 கிலோ எரிபொருள். தொட்டியில் இருந்தது 7,682 லிட்டர். கணக்கில் எடுத்த பெருக்கெண் 1.77, அது லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்பது. கிலோவில் கணக்கிட 0.803 வேண்டும். 13,597 ‘கிலோ’ ஏற்கெனவே இருக்கிறது என்று கொண்டு 4,917 லிட்டர் மட்டும் நிரப்பினார்கள். நிரப்ப வேண்டியது 20,088. நடுவானில் இரண்டு எஞ்சினும் நின்று, கிம்லியின் பழைய விமானப்படைத் தளத்தில் சறுக்கி இறங்கியது. உயிரிழப்பு இல்லை.

விமான எரிபொருள் தண்ணீரைவிட இலேசு. கிலோ எண் லிட்டர் எண்ணைவிடச் சிறிதாகத்தான் வரவேண்டும். 7,682 லிட்டர் 13,597 கிலோ எடை இருக்கவே முடியாது. இதைப் பிடிக்கக் கால்குலேட்டரும் வேண்டாம்.

அந்த 1.77 போன்றதை ‘அலகிலா எண்’ என்றால் அளவற்ற எண் என்று பொருள்படும். ‘வெற்றெண்’ என்கிறேன். உயரமானியில் வைக்கவேண்டிய காற்றழுத்த அளவுக்கும் இது உதவும். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் “992” என்கிறது, ஹெக்டோபாஸ்கல் என்ற அழுத்த அலகில். பாதரச அங்குலத்தில் பழகியவர், முதல் 2-ஐ விட்டுச் சொல்கிறார்கள் என்றெண்ணி 29.92 என்று திருகிவிடுகிறார். அது 1013 ஹெக்டோபாஸ்கலுக்குச் சமம். வித்தியாசம் 21, ஒன்றுக்கு ஏறத்தாழ 27 அடி. கருவி காட்டுவதைவிட 570 அடி தாழ்வாகப் பறப்பார்.

‘அலகு வழு’வைத் தலைச்சொல்லாகவும் ‘வெற்றெண் வழு’வை அதன் உட்பிரிவாகவும் பதியலாம். பயிற்சிக் குறிப்பிலும் “வெற்றெண்ணாகத் திருப்பிச் சொல்லாதே” என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்.