டைரி எழுத ராயல் ப்ளூ போதுமா?

மைக்கூடு: "டைரிக்கு இங்க் பேனாதான். ராயல் ப்ளூவில் எழுதினால் பேரன் காலம் வரை நிற்கும்" என்று நேற்று இங்கே ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ராயல் ப்ளூ வெறும் சாயத் தண்ணீர். பிள்ளைகள் சட்டையில் கொட்டினால் துவைத்துப் போக வேண்டும் என்றே செய்த மை. சட்டையை விட்டுப் போவது தாளை விட்டுப் போகாதா?

நிப்புராஜா: சொன்னது நான்தான், பெயரைச் சொல்லியே கேளுங்கள். டைரியை யார் துவைக்கிறார்கள்? அலமாரிக்குள் வெயிலும் கிடையாது, தண்ணீரும் கிடையாது.

மைக்கூடு: 2015 டிசம்பரில் சென்னையில் அலமாரிக்குள்தானே வெள்ளம் புகுந்தது? உங்கள் டைரித் தாளிலேயே நாலு வரி எழுதுங்கள். ஒரு நாள் காய்ந்தபின் பாதித் தாளில் தண்ணீர் சொட்டுங்கள். இன்னொரு தாளில் பாதியை அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒரு மாதம் ஒட்டி வையுங்கள். அப்புறம் பேசலாம். நிற்க வேண்டுமானால் சாயம் இல்லாமல், நீரில் கரையாத நிறமித் துகள் கலந்த கறுப்பு மை வேண்டும்.

நிப்புராஜா: அந்த மை நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதை ஏன் சொல்லவில்லை?

மைக்கூடு: மூடியைத் திறந்தே போட்டால் அடைக்கத்தான் செய்யும். எழுதாத வாரங்களில் மையை இறக்கிவிட்டுத் தண்ணீரில் அலசி வையுங்கள். அதுவும் முடியாதென்றால், நீரில் கரையாத கறுப்பு ஜெல் பேனா வாங்குங்கள். ராயல் ப்ளூ மட்டும் வேண்டாம்.

கடுக்காய்: கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்த மையை இருவருமே மறந்துவிட்டீர்கள். எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டால் கறுக்கும்.

மைக்கூடு: அன்னபேதி கூடினால் அமிலம் தாளையே அரித்து எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை விழும். அளவு தெரியாமல் கிளப்பிவிடாதீர்கள்.

கடுக்காய்: அளவு தெரியாது என்று உங்களிடம் யார் சொன்னது? போன மாதம் தாள் பற்றிய பேச்சிலும் இதே அதிகாரம்தான்.

யூனிகோடு: மையே எதற்கு? கணினியில் எழுதி வையுங்கள்.

மைக்கூடு: பாமினியில் அடித்த பழைய கோப்பை அந்த எழுத்துரு இல்லாமல் திறந்து பாருங்கள், ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும்.

யூனிகோடு: பாமினியை எழுத்துமாற்றியில் போட்டால் தமிழ் திரும்ப வந்துவிடும். கரைந்த மையை எதில் போடுவீர்கள்? யூனிகோடில் வெறும் உரைக்கோப்பாக, மூன்று நகல்கள், அதில் ஒன்று வேறு ஊரில். போதும்.

நிப்புராஜா: பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதினாரே, எந்த நிறமித் துகளைத் தேடினார்?

மைக்கூடு: அவர் ராயல் ப்ளூவிலா எழுதினார்? அந்த நாட்குறிப்பு நம் கைக்கு வந்ததில் மைக்கு மட்டும் பங்கில்லை, 1846இல் தேடியெடுத்துப் படி எடுத்தவர்களுக்கும் உண்டு. அவர் வருஷம், மாதம், தேதி, கிழமை, யார் வந்தார், என்ன பேசினார் என்று எழுதினார். நீங்கள் இங்கே போட்ட உங்கள் டைரியின் மாதிரிப் பக்கத்தில் "நேத்து அவன் வந்தான்" என்றுதான் இருக்கிறது. பத்து வருஷம் கழித்து அந்த அவன் யார்? வருஷமும் இல்லை. அதில் பஸ் டிக்கெட்டை ஒட்டியது செலோடேப்பில் வேறு, அது மஞ்சளாகிப் பசை ஊறும். டிக்கெட்டை மைதாப் பசையில் ஒட்டுங்கள். பூச்சி வராமலிருக்கத் துளி மயில்துத்தம் போதும், அது விஷம், குழந்தைகள் கையில் படக்கூடாது. மெஷினில் வரும் வழவழப்பான டிக்கெட் சூட்டிலேயே வெளுத்துவிடும், நகலெடுத்து ஒட்டுங்கள்.

நிப்புராஜா: மை பற்றிக் கேட்டால் பசைக்குத் தாவுகிறீர்கள். என் மாதிரிப் பக்கம் எதற்கு இங்கே? ராயல் ப்ளூ மூடிய அலமாரியில் நிற்கும். இன்னொரு தரமும் சொல்கிறேன், நிற்கும்.

மைக்கூடு: ஜன்னலில் ஒட்டினீர்களா, இல்லையா?

கடுக்காய்: என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.