கண்மாய்க்கரை வீடு: ஞாயிறு காதுகுத்துக்குக் குடிக்க என்ன?

*புதன்*

அக்கா, 2:41
ஞாயிறு 80 பேர் வருகிறார்கள். கோவிலில் மொட்டை போட்டு, காது குத்தி, உச்சிப்புளி வீட்டுக்கு வந்து சேர 12 மணியாவது ஆகும். நல்ல வெயில். வந்ததும் கையில் குளிர்ச்சியாக ஏதாவது கொடுக்க வேண்டும். பாட்டில் கலர் வேண்டவே வேண்டாம். யோசனை சொல்லுங்கள்.

அம்மா, 2:43
மோர்

சாயல்குடி மாமா, 2:44
பதநீர். நான் கொண்டுவருகிறேன்.

தம்பி பெங்களூரு, 2:50
பெர்ரி காக்டெயில் போடலாம். ஸ்ட்ராபெரி, புளூபெரி, புதினா, எலுமிச்சை, மேலே சோடா. இங்கே எல்லா விசேஷத்திலும் இதுதான்.

பெரியப்பா, 2:52
காதுகுத்துக்குக் காக்டெயிலா? குலசாமி கும்பிட்டு வருகிற நாளில் இது என்ன பேச்சு.

தம்பி பெங்களூரு, 2:53
சரக்கு இல்லாதது பெரியப்பா. அதை மாக்டெயில் என்பார்கள்.

பெரியப்பா, 2:53
பெயரை மாற்று.

பாம்பன் அத்தை, 3:10
தம்பி, நீ சொன்னது நல்ல யோசனை, ஆனால் பழம் தப்பு. ஸ்ட்ராபெரி மகாபலேஷ்வரில் குளிர்காலத்தில் விளைவது. ஆனி மாதத்தில் உறைய வைத்ததுதான் கிடைக்கும். அதற்கு மணமும் இருக்காது, விலையும் கொள்ளை. இப்போது நம் ஊரில் கிடைக்கிற பழம் நாவல். அதிலேயே அந்த நிறம், அந்தப் புளிப்பு எல்லாம் இருக்கிறது. செய்முறை சொல்கிறேன், அவசரப்படாமல் படியுங்கள். பழத்தைக் கல் உப்பு போட்ட தண்ணீரில் 10 நிமிடம் ஊற வைத்துக் கழுவ வேண்டும். மிக்ஸியில் போடவே கூடாது, கொட்டை அரைபட்டால் கசப்பு ஏறிவிடும். சல்லடையில் போட்டு உள்ளங்கையால் தேய்த்தால் சதை கீழே இறங்கும், கொட்டை மேலே நிற்கும். நேற்று 1 கிலோ தேய்த்துப் பார்த்தேன். 600 கிராம் விழுது வந்தது. ஒரு டம்ளருக்கு இரண்டு மேசைக்கரண்டி, அப்படியென்றால் 20 டம்ளர். 80 பேருக்கு 4 கிலோ, கைப்பிழைக்கு இன்னும் 1 கிலோ.

சாயல்குடி மாமா, 3:12
👍

அக்கா, 3:13
அத்தை, தொண்டை கரகரக்காதா? சின்னப் பிள்ளைகள் துப்பிவிடுவார்கள்.

பாம்பன் அத்தை, 3:19
துவர்ப்பை உப்புதான் அடக்கும். விழுதில் ஒரு சிட்டிகை உப்பு, தட்டிப் பிழிந்த இஞ்சிச்சாறு கொஞ்சம், சர்க்கரைப் பாகு. கருப்பட்டி வேண்டாம், நிறம் கறுத்துவிடும். புதினாவை அரைக்காமல் கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் போடு. சோடா கடைசியில், டம்ளரின் ஓரமாக. முன்கூட்டியே அண்டாவில் ஊற்றினால் கேஸ் போய்ச் சர்க்கரைத் தண்ணீராகிவிடும்.

பெரியப்பா, 3:21
நாவல் சர்க்கரை நோய்க்கு நல்லது. எனக்கு இரண்டு டம்ளர்.

பெரியம்மா, 3:21
பாகு ஊற்றிய பிறகு அது எப்படி நல்லதாகும்? உங்களுக்கு மோர்.

மண்டபம் சித்தப்பா, 3:40
61 நாள் மீன்பிடித் தடை முடிந்து போட் கடலுக்குப் போயிருக்கிறது. இறால் வேண்டுமென்றால் இப்போதே சொல்லுங்கள்.

அம்மா, 3:41
காதுகுத்துக்குக் கிடாய்தான். இறால் திங்கட்கிழமை பார்க்கலாம்.

அக்கா, 3:42
நண்டு?

தம்பி பெங்களூரு, 3:42
நண்டு!!

பெரியம்மா, 3:43
பேச்சு எங்கே போகிறது. 5 கிலோ பழத்துக்கு வழி சொல்லுங்கள்.

பாம்பன் அத்தை, 3:55
கடையில் வாங்குவானேன்? நம் கண்மாய்க்கரை மரம் இருக்கிறதே. அப்பா இருந்தபோது பழைய வலையை அடிமரத்தைச் சுற்றி நாலு கம்பில் கட்டிவிடுவார். உலுக்கினால் பழம் வலையில் விழும், மண்ணும் ஒட்டாது, உடையவும் செய்யாது. நானும் மண்டபம் தம்பியும் வலைக்கடியில் நின்று கண்ணிகளில் மாட்டிய பழத்தை வாயாலேயே கவ்வித் தின்போம். சட்டை முழுக்கக் கறை.

*(நீண்ட நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை)*

பெரியப்பா, 4:30
மரம் இப்போது சித்தப்பா பங்கில் இருக்கிறது.

பாம்பன் அத்தை, 4:32
தெரியும் அண்ணே. பங்கு பிரித்த அன்று நானும் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தேன். நான் கேட்பது மரத்தை இல்லை, 5 கிலோ பழத்தை.

மண்டபம் சித்தப்பா, 4:33
*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

அம்மா, 4:34
என்ன எழுதினீர்கள்?

அக்கா, 4:36
சரி, தண்ணீர் விஷயம். வீட்டு போர் தண்ணீர் உப்பு. கேன் எத்தனை சொல்வது?

பாம்பன் அத்தை, 4:41
கேனோ காவிரித் தண்ணீரோ, இரண்டில் ஒன்றுதான். போன வருடம் தெரியாமல் போர் தண்ணீரில் கலந்தேன். சிவப்பு போய் மைத் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. எலுமிச்சை பிழிந்ததும் நிறம் திரும்பியது.

*வியாழன்*

சாயல்குடி மாமா, 8:15
📷 பாகுக்குப் பதிலாகப் பதநீர் ஊற்றிப் பார்த்தேன். சாம்பல் பூத்த நீலமாக நிற்கிறது. பழம் கெட்டுவிட்டதா?

தம்பி பெங்களூரு, 8:22
பழம் கெடவில்லை மாமா. கலயத்தில் தடவிய சுண்ணாம்புதான் காரணம். நாவல் தோலில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி புளிப்பில் சிவக்கும், சுண்ணாம்பில் நீலமாகும். அத்தையின் போர் தண்ணீரிலும் இதுதான் நடந்திருக்க வேண்டும்.

சாயல்குடி மாமா, 8:24
அப்படியானால் சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறக்கச் சொல்லட்டுமா?

பெரியப்பா, 8:25
அது மதியத்துக்குள் கள்ளாகிவிடும். அப்போது உங்கள் மாப்பிள்ளை சொன்ன காக்டெயிலேதான்.

அம்மா, 8:26
😂😂

பெரியம்மா, 8:26
பதநீரைத் தனியாகவே வையுங்கள். நுங்கு போட்டு.

சாயல்குடி மாமா, 8:28
நுங்கு முற்றிக் கடுக்காயாகிவிட்டது. இளசு கிடைத்தால் பார்க்கலாம்.

மண்டபம் சித்தப்பா, 9:05
ஐஸ் நான் பார்த்துக்கொள்கிறேன். ஐஸ் கம்பெனியில் இரண்டு பார் சொல்லிவிட்டேன்.

பாம்பன் அத்தை, 9:09
தம்பி, மீனுக்குப் போடுகிற ஐஸ் யார் வயிற்றுக்குள்ளும் போகக் கூடாது. அது எந்தத் தண்ணீரில் உறைந்ததோ. பெரிய அண்டாவில் அதை உடைத்துப் பரப்பி, உப்பைத் தூவி, நடுவில் விழுது இருக்கிற எவர்சில்வர் பாத்திரத்தை இறக்கி வை. வெளியிலிருந்தே ஜில்லென்று ஆகிவிடும். டம்ளரில் போடுகிற கட்டியை வீட்டு பிரிட்ஜில் கேன் தண்ணீரில் இன்றே உறைய வைக்க ஆரம்பியுங்கள்.

அக்கா, 9:12
எங்கள் பிரிட்ஜ் சின்னது அத்தை.

பெரியம்மா, 9:13
எங்கள் வீட்டிலும் வைக்கிறேன்.

அம்மா, 9:20
போன வருடம் கல்யாணத்தில் பெண் வீட்டு வரிசைக்கு வரும்போது ரோஸ் மில்க் தீர்ந்துபோனது. இந்த முறை அப்படி நடந்தால் நான் பொறுப்பில்லை.

பெரியம்மா, 9:21
அது சமையல்காரர் கணக்கு. எத்தனை தடவை சொல்வது.

அக்கா, 9:22
அம்மா ப்ளீஸ்.

தம்பி பெங்களூரு, 9:25
என் பஸ் ஞாயிறு காலை 7 மணிக்கு ராமநாதபுரம் வரும். அங்கிருந்து?

பெரியப்பா, 9:26
தாய்மாமன் மடியில்லாமல் காது குத்த முடியாது. நீ சனிக்கிழமையே வந்து சேர்.

தம்பி பெங்களூரு, 9:27
லீவு கேட்டுப் பார்க்கிறேன்.

*வெள்ளி*

மண்டபம் சித்தப்பா, 6:48
📷
📷

அக்கா, 6:50
வலை!

பெரியம்மா, 6:51
எவ்வளவு இருக்கும்?

மண்டபம் சித்தப்பா, 6:55
ஒரு ஓலைக் கொட்டான் நிறைய. எடை போடவில்லை. காலைக்காற்றில் தானாக விழுந்தவைதான், இன்னும் உலுக்கவில்லை. பாம்பன் அக்கா மத்தியானம் வந்தால் உலுக்கலாம்.

பாம்பன் அத்தை, 6:58
11 மணி பஸ்ஸில் வருகிறேன் தம்பி. கம்பை அவிழ்க்காதே.

பெரியப்பா, 7:15
நானும் வருகிறேன்.

அக்கா, 7:30
நல்லது. அப்புறம், சோடா யார் சொன்னது? எத்தனை பாட்டில்?

அக்கா, 8:10
யாராவது சொன்னீர்களா?

சாயல்குடி மாமா, 8:12
இளநுங்கு ஒரு குலை கிடைத்திருக்கிறது.